கிள்ளிகுளத்தில் முதல் பருவம்: புதிதாக வரும் வேளாண் மாணவர்களுக்கு

கலந்தாய்வில் கோயம்புத்தூர் கிடைக்கும் என்று காத்திருந்து, கிள்ளிகுளம் என்று வந்ததும் முகம் வாடிப்போகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்த வாட்டம் தேவையில்லாதது. வ.உ.சி. பெயரில் இருக்கும் இந்த வேளாண்மைக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவை, மதுரைக்கு அடுத்து வந்தது. 1984-85இல் தொடங்கியது. பாடத்திட்டம் அதேதான், பட்டமும் அதேதான். மாணவர் எண்ணிக்கை குறைவு. அதனால் ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், வயலுக்கு நடந்தே போகலாம், பண்ணை ஆட்களோடு பேசிப் பழகலாம். இந்த மூன்றையும் முதல் பருவத்திலேயே பிடித்துக்கொள்வது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இடத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கல்லூரி தூத்துக்குடி மாவட்டத்தில், வல்லநாட்டுக்கு அருகே இருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் இந்த மாவட்டத்தில்தான். அந்தத் தண்ணீரில் நெல்லும் வாழையும். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால் மானாவாரிக் கரிசல்: பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம். தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் இரும்புச் சத்து ஏறிச் சிவந்துபோன தேரி மணல், பனையும் முந்திரியும். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வகை மண்ணைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு எல்லா வேளாண் மாணவர்க்கும் அமையாது.

கிளம்புவதற்கு முன்

சான்றிதழ்களில்தான் நிறையப் பேர் முதல் வாரத்திலேயே தடுமாறுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ், பத்தாம் பனிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், ஒதுக்கீட்டு ஆணை, கட்டணம் கட்டிய ரசீது, மருத்துவத் தகுதிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல் எடுத்து, மூலத்தைத் தனி உறையில் வையுங்கள். மூலச் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைத்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் உதவித்தொகைக்கு மூலம் கேட்பார்கள். அப்போது அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

பள்ளியில் கொடுத்த மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணைக் கையோடு எழுதி வாருங்கள். கல்லூரியில் யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் பதிவுக்கு அதைக் கேட்பார்கள். அரசின் உதவித்தொகைகள் அந்தப் பதிவின் வழியாகத்தான் வருகின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பனிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்காது. வங்கிக்குப் போய், "ஆதாரில் இந்தக் கணக்கு அரசுப் பணம் வாங்குவதற்கு இணைந்திருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். கணக்கு இருப்பதும் இணைந்திருப்பதும் வேறு வேறு. இரண்டு கணக்கு இருந்தால் பணம் நீங்கள் எதிர்பார்க்காத கணக்கில் போய் விழும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். அக்கா, அண்ணன் யாராவது பட்டம் முடித்திருந்தால் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள் கல்லூரி அலுவலகத்தில் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கட்டணத்தை அரசு ஏற்கும்போது நீங்கள் முன்பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க அலையக் கூடாது.

பெட்டியில் வைக்க வேண்டியவை

துணி அதிகம் வேண்டாம். கையை மூடுகிற பருத்திச் சட்டை நான்கு, பழைய கால்சட்டை அல்லது சுடிதார் இரண்டு செட் வயலுக்கென்றே. வயல் சீருடையின் நிறம், துணி என்ன என்று கல்லூரியில் சொல்லுவார்கள். முன்கூட்டி வாங்கினால் வீணாகும். வெள்ளை ஆய்வகக் கோட்டும் அப்படியே, வந்த பிறகு சீனியர்களிடம் கேட்டு வாங்கலாம். விளிம்பு அகலமான தொப்பி ஒன்று கட்டாயம்.

கருவிகளில் இவை போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 5 மீட்டர் டேப், சிறு கத்தி, 30 செ.மீ. ஸ்கேல், சட்டைப் பையில் அடங்குகிற கெட்டி அட்டை நோட்டு, பென்சில் நாலைந்து. வயலில் பேனா உதவாது. ஈரக் கையில் தாள் நனைந்தால் மை ஓடிவிடும். பூட்டு இரண்டு, வாளி, குவளை, கொடிக்கயிறு, கொசுவலை, டார்ச் ஆகியவை விடுதிக்கு. டார்ச் ஏன் என்பது கீழே வரும்.

திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி செல்லும் பேருந்தில் ஏறினால் போதும் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தத் தடத்தில் இடையில் நிற்காத வண்டிகளும் ஓடுகின்றன. ஏறுவதற்கு முன் நடத்துநரிடம், "அண்ணாச்சி, கிள்ளிகுளம் காலேஜுக்கு எங்க இறங்கணும், இது நிக்குமா" என்று கேட்டுவிடுங்கள். பெட்டி படுக்கையோடு வரும் முதல் நாள் வல்லநாட்டில் இறங்கி ஆட்டோ பிடிப்பது சுலபம். விமானத்தில் வருகிற வெளிமாநில மாணவர்களுக்கு வாகைக்குளம் விமான நிலையமும் இதே சாலையில்தான்.

விடுதியும் மெஸ்ஸும்

மெஸ் பெரும்பாலும் பங்கிடும் முறையில் நடக்கும். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பில் வரும். மாணவர் பிரதிநிதிகளே கணக்குப் பார்ப்பார்கள். இதில் இரண்டு விஷயம். ஊருக்குப் போகும்போது எத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் கழிவு உண்டு என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்காமல் போனால் சாப்பிடாத நாளுக்கும் காசு. இன்னொன்று, கணக்குப் பார்க்கும் பொறுப்பு சுற்றில் உங்களுக்கு வந்தால் தட்டிக் கழிக்காதீர்கள். அரிசி, பருப்பு, காய்கறி விலை தினமும் கண்ணில் படுவது வேளாண் பொருளாதாரப் பாடத்துக்கு நேரடிப் பயிற்சி.

ராகிங் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதலே அதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. சேரும்போது நீங்களும் பெற்றோரும் உறுதிமொழிப் படிவம் கொடுப்பீர்கள். பெயர், ஊர் கேட்டுப் பேசுவது அறிமுகம். பயமுறுத்துவது, இரவில் அறைக்கு வரச் சொல்வது, தங்கள் ரெக்கார்டை (செய்முறைக் குறிப்பேட்டை) எழுத வைப்பது எதுவும் அறிமுகம் ஆகாது. விடுதிக் காப்பாளரிடமோ உங்கள் பொறுப்பாசிரியரான வார்டு கவுன்சிலரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சிறிய வளாகத்தில் எல்லாரையும் தினம் பார்க்க வேண்டியிருக்கும் என்ற தயக்கத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம்தான் ராகிங்கை வளர்க்கிறது.

வார்டு கவுன்சிலர் என்பவர் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசிரியர். பாடப் பதிவில் இருந்து காய்ச்சல் விடுப்பு வரை அவர் கையெழுத்து வேண்டும். முதல் வாரமே போய்ப் பார்த்து, வீட்டுத் தொலைபேசி எண், ஏதாவது நாள்பட்ட நோய் இருந்தால் அது, எந்த வழிக் கல்வியில் படித்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

2+1 என்றால் என்ன

புதிய பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வாரம் தீக்‌ஷாரம்ப் என்ற அறிமுக நிகழ்ச்சி. அதைச் சுற்றுலாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் துறை எந்தக் கட்டடத்தில், எந்த ஆய்வகத்தில் என்ன இருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டால் பிறகு ஓட வேண்டியதில்லை.

ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் 2+1, 1+1, 0+1 என்று போட்டிருக்கும். முதல் எண் வாரத்தில் எத்தனை தியரி வகுப்பு, இரண்டாவது எண் எத்தனை பிராக்டிகல். பிராக்டிகல் ஒன்று என்றாலும் அது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பருவத்துக்குச் சுமார் 17 பிராக்டிகல் நடக்கும். வருகை 80 சதவீதம் வேண்டும், பதினேழில் பதினான்கு. ஆக, மூன்று தடவைக்கு மேல் விட முடியாது. தீபாவளிக்கு முன் ஒன்று, காய்ச்சலில் ஒன்று, பேருந்து தவறி ஒன்று என்று மூன்றும் போய்விட்ட பிறகு இன்னொன்றும் போனால் டிசம்பரில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். தியரி வகுப்பு விட்டால் நண்பன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நாற்றங்காலில் விதை தெளித்த நாளை விட்டால் அந்த நாள் அடுத்த ஆண்டுதான்.

ரெக்கார்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பருவக் கடைசியில் 17 பயிற்சியையும் இரண்டு இரவில் எழுதுபவர்கள் ஒருவருடைய தவறை இன்னொருவர் வரி மாறாமல் காப்பி அடிப்பது ஆசிரியருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும். தாவரப் பெயர்கள் லத்தீனில் வருவதால் ஆங்கில வழி மாணவர்க்கும் அவை புதியவைதான், அந்த இடத்தில் எல்லாரும் சமம். தினம் ஐந்து பெயர், தாளில் எழுதிப் பாருங்கள். பேரினப் பெயரின் முதல் எழுத்துப் பெரியது, சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில், இரண்டுக்கும் தனித்தனியே அடிக்கோடு. இதில் தவறி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பயிர்ப் பாதுகாப்பு, சாகுபடிக் குறிப்புகள் தமிழிலும் இருக்கின்றன. முதலில் தமிழில் படித்துப் பொருள் விளங்கிய பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் மனதில் நிற்கும்.

வயலில் கால் வைக்கும்போது

நீங்கள் சேர்கிற நேரத்துக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் கார் என்ற முதல் போக நெல்லை அறுத்துப் பிசானம் என்ற அடுத்த போகத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் பருவம் முழுக்கச் சேறும் ஈரமும்தான். அதை நல்ல காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் இருந்து கதிர் வரை ஒரு பிசானத்தை அப்படியே கண்ணால் பார்த்துவிடலாம்.

சேற்றில் இறங்குவதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம், கொலுசு கழற்றுங்கள். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் அன்று இறங்க வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நெல் வயலில் எலி அதிகம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியே போனால் எலிக்காய்ச்சல் வரும். ஏறி வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். வயலுக்குப் போய் வந்த ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம், "சேற்றில் வேலை செய்தேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடும்.

நடவின்போது குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்று, மத்திய காலத்துக்கு 25 முதல் 30 நாள். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, 3 செ.மீ. ஆழம். புதியவர்கள் செய்கிற தவறு, நாற்று சாய்ந்துவிடுமோ என்று பயந்து கட்டைவிரல் முழுக்கப் புதைப்பது. ஆழம் போனால் தூர் கட்டுவது, அதாவது பக்கக் கிளை விடுவது, தாமதமாகும், எண்ணிக்கையும் குறையும். 20-க்கு 10 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து வர வேண்டும். நட்டு முடித்ததும் டேப்பைப் போட்டு ஒரு சதுர மீட்டரை அளந்து எண்ணிப் பாருங்கள். முதல் முயற்சியில் குறைவாகத்தான் வரும்.

பக்கத்தில் நடுகிற அக்காமார்களின் கையைக் கவனியுங்கள். நாற்றுமுடியை இடது கையில் பிரித்துக்கொண்டே வலது கையால் நட்டுப் பின்னால் நகர்வார்கள், கண் வரிசைக்காகக் கட்டிய கயிற்றைப் பார்க்கும், நாற்றைப் பார்க்காது. களை எடுக்கும்போது நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் அவர்கள் பிரிக்கிற வேகம் வியப்பாக இருக்கும். கைலென்ஸை எடுத்து இலையும் இலையுறையும் சேருகிற இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இரு பக்கமும் முடியோடு கூடிய சிறு காது. குதிரைவாலிப் புல்லில் இரண்டும் இல்லை, மொழுக்கென்று இருக்கும். இதை ஒரு தடவை கண்ணால் கண்டவர்க்குத் தேர்வில் மறக்காது. "யக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிய" என்று கேளுங்கள், அவர்கள் சொல்கிற அடையாளம் நிறத்திலும் தண்டின் தட்டையிலும் இருக்கும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சித் திடல்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வரப்பில் குச்சி நட்டு டி1, டி2, ஆர்1 என்று சீட்டுத் தொங்கினால் அது யாரோ ஒரு முதுநிலை மாணவரின் இரண்டு ஆண்டு உழைப்பு. அங்கே பூ, காய், ஏன் ஒரு களையைக் கூடப் பறிக்கக் கூடாது. ஒரு திடலில் உரம் போடாமலே விட்டிருப்பார்கள், அடுத்ததில் முழு அளவு போட்டிருப்பார்கள். குறுக்கே நடந்து வரப்பை உடைத்துவிட்டால் ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போய்ச் சத்தும் கலந்துவிடும், அந்தக் கணக்கு அத்தோடு போச்சு. தெரியாமல் உடைத்துவிட்டால் ஓடிப்போய்விடாதீர்கள். உடனே மண் அணைத்து அடைத்துவிட்டு, பண்ணை மேலாளரிடம் எந்தத் திடல், எந்த நேரம் என்று சொல்லுங்கள். சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு சரிசெய்ய வழி உண்டு.

பண்ணையில் கொய்யா, கத்தரி கண்ணில் பட்டதும் கை போகும். மருந்து அடித்தது நேற்றா போன வாரமா என்று உங்களுக்குத் தெரியாது. மருந்துக் கிடங்குப் பக்கம் போனால் புட்டியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றாலும் குடிக்கிற பொருள் இல்லை.

உரக் கணக்கு: ஒரே ஒரு தடவை சரியாகப் போட்டுப் பாருங்கள்

பரிந்துரைகள் எல்லாம் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். ஊரில் பேச்செல்லாம் ஏக்கரும் சென்ட்டும். உங்கள் கைக்கு வருவதோ ஒரு சென்ட் அளவுத் திடல். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் தவறு நடக்கிறது.

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், 2.47 ஏக்கர். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். நெல்லுக்கு ஹெக்டேருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 சதுர மீட்டர் என்பது 0.004 ஹெக்டேர். 150-ஐ அதால் பெருக்கினால் தழைச்சத்து 0.6 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான். எனவே 0.6-ஐ 0.46-ஆல் வகுக்க வேண்டும்: 1.3 கிலோ யூரியா. இதை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்தால் தடவைக்கு 325 கிராம். மணிச்சத்து 0.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம், ஆக 1.25 கிலோ, முழுவதும் அடியுரம். சாம்பல் சத்து 0.2 கிலோ, பொட்டாஷில் 60 சதவீதம், ஆக 330 கிராம்.

எங்கே தவறுகிறது? 150-ஐ ஏக்கர் கணக்கு என்று எடுத்தால் சென்ட்டுக்கு 3.26 கிலோ யூரியா ஆகிவிடும், இரண்டரை மடங்கு. பத்து நாளில் பயிர் கரும்பச்சையாகிப் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்காதீர்கள். இலைச் சுருட்டுப் புழுவும் குலை நோயும் தேடி வரும், கடைசியில் காற்றுக்குப் பயிர் சாய்ந்துவிடும். இன்னொரு தவறு, சத்தின் எடையையும் உரத்தின் எடையையும் ஒன்றென்று நினைப்பது. 0.6 கிலோ என்று வந்ததும் அதையே யூரியாவாக அளந்து போட்டால் பயிர் பாதிப் பட்டினி. கணக்கைப் போட்ட பிறகு, "இது சத்தா, மூட்டையில் இருக்கிற உரமா" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இலை நனைந்திருக்கும்போது யூரியா போடாதீர்கள், ஒட்டிக்கொண்டு கருகும். முந்தின நாளே தண்ணீரை வடித்துவிட்டு மண் ஈரமாக இருக்கும்போது போட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள். உரம் போடும்போது மடை அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

களைத் தொகுப்பும் பூச்சிப் பெட்டியும்

இந்த இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போட்டு அவதிப்படுவது வழக்கமாகவே இருக்கிறது. எத்தனை மாதிரி வேண்டும் என்பதைப் பாட ஆசிரியர் சொல்வார். முதல் நாளில் இருந்து வாரத்துக்கு மூன்று செடி என்று எடுத்தால் சுமையே இல்லை.

பூவோ காயோ உள்ள செடியை வேரோடு எடுத்து மண்ணைக் கழுவி, செய்தித்தாளுக்கு நடுவே விரியுங்கள். ஒரு இலையையாவது திருப்பி வைத்தால் அடிப்பக்கமும் தெரியும். மேலே கனமான புத்தகங்கள். மழைக்காலத்தில் முதல் நான்கு நாள் காலையும் மாலையும் தாள் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். சாரணை, பருப்புக்கீரை மாதிரி சதைப்பற்றுள்ள செடிகளை வெந்நீரில் சில நொடி முக்கி எடுத்துத் துடைத்த பிறகு வையுங்கள். அப்படியே வைத்தால் தாளுக்குள்ளேயே உயிரோடு இருந்து இலையை உதிர்க்கும். காய்ந்த பிறகு 42-க்கு 29 செ.மீ. அளவுள்ள அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் தாவரப் பெயர், தமிழ்ப் பெயர், குடும்பம், எடுத்த இடம், நாள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிக்கும்.

கோரையா புல்லா என்று சந்தேகம் வந்தால் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். கோரை உருளாது, மூன்று விளிம்பும் விரலில் தட்டும். புல்லின் தண்டு உருளும், நடுவே கணுவும் இருக்கும்.

பூச்சிக்கு மழைக்கால இரவில் விடுதி வராந்தா விளக்கே போதுமானது. எத்தில் அசிட்டேட் நனைத்த பஞ்சு உள்ள புட்டியில் போட்டு மூடுங்கள். ஊசி குத்தும் இடம் முக்கியம்: வண்டுக்கு வலது முன் இறக்கையில், வெட்டுக்கிளிக்குக் கழுத்துத் தகட்டின் பின்பக்கம் வலது ஓரமாக, வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். நடுவில் குத்தினால் வண்டின் அடையாளக் குறி சிதைந்துவிடும், அதனால்தான் வலப்பக்கம். ஊசியின் மேல் ஒரு செ.மீ. வெளியே நிற்கட்டும். சாதாரணக் குண்டூசி துருப்பிடிக்கும். பெட்டியில் நாப்தலின் உருண்டை இல்லாவிட்டால் ஒரே இரவில் எறும்பு உடலைத் தின்றுவிட்டு இறக்கையை மட்டும் விட்டுவைக்கும்.

பாம்பும் வெயிலும்

வயலும் புதரும் எலியும் உள்ள இடத்தில் பாம்பு இருக்கத்தான் செய்யும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வெக்கையாக இருக்கிறதென்று தரையில் பாய் போட்டுப் படுக்கவே வேண்டாம். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தூங்குகிறவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். கட்டிலும், விளிம்பு செருகிய கொசுவலையும் நல்ல காவல்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்குவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் கழிக்க வேண்டாம்.

மழை முடிந்து மாசி, பங்குனி ஆனதும் வெயில் ஏறத் தொடங்கும். காலை வயல் வகுப்புக்குச் சாப்பிடாமல் போனால் பத்து மணிக்குத் தலை சுற்றும். ஒரு லிட்டர் தண்ணீர், முடிந்தால் உப்புப் போட்ட மோர். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் கூச்சப்படாமல் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தை ஒரு தடவை பாருங்கள். வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம் என்று அதைச் சொல்வார்கள். உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது

ஊரில் இருந்து திரும்பும்போது பலகாரத்தோடு உங்கள் வயலின் மண்ணும் அரைக் கிலோ கொண்டுவாருங்கள். சொந்த நிலம் இல்லையென்றால் பக்கத்து வயல். மண்ணியல் ஆய்வகத்தில் அமில காரத் தன்மையும் உப்பின் அளவும் பார்க்கும்போது, ஆய்வக மாதிரியைவிட அந்த மண்ணின் எண் உங்களுக்கு மறக்காது. வீட்டிலும் அந்த முடிவு பயன்படும்.

எடுக்கும் முறை இது. வரப்பு ஓரம், எருக்குழி, மரத்தடி, அண்மையில் உரம் போட்ட இடம் நான்கையும் தவிருங்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்துப் போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ வரும்வரை இப்படியே. நிழலில் உலர்த்துங்கள், வெயில் வேண்டாம். உரச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தால் முடிவே மாறிவிடும், சுத்தமான துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், வயல் பெயர், முந்தின பயிர், எடுத்த நாள் எழுதிய சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.